கல்வெட்டில் ஏறாத மீன்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே பொறிப்பித்த ஆணை என்பதனால் வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் மதிப்பர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதன் வாசகத்தை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அந்த ஆணை சொல்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தாலோ பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

யானைக்குக் கணக்கு உண்டு, குதிரைக்குக் கணக்கு உண்டு, உடைந்த கப்பலின் பலகைக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கல்லைக் கொத்திய அன்று மாலையிலே, கரையோரத்துக் குடிசையொன்றில் அடுப்பேறிய சட்டியில் என்ன மீன் கிடந்தது? அதனைப் பிடித்தவர் யார்? எங்கே, எதனைக் கொண்டு பிடித்தார்? இதற்கு எந்தக் கல்வெட்டும் விடை தராது. பண்டாரத்துக்குப் பங்கு போகாத எதுவும் கல்லில் ஏறுவதில்லை. அவ்வாறு கல்லில் ஏறாத மீனின் வரலாற்றைப் பற்றித்தான் இன்றைய உரையிலே பேச எண்ணுகின்றேன்.

மீன்பிடி என்றவுடன் வள்ளமும் வலையும் சம்மாட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. அது தொழில். அதற்கென்று சமூகங்களும் சந்தைகளும் சங்கங்களும் இருக்கின்றன. அதன் வரலாற்றை எழுதியோரும் இருக்கின்றனர். அதற்குப் பக்கத்திலே இன்னொரு மீன்பிடி இருந்துவந்தது. விற்பதற்காக அல்ல, வீட்டுச் சட்டிக்காக. பேரனை அழைத்துக்கொண்டு தூண்டிலோடு போகும் பாட்டனாரும், வற்றிய கரையிலே மட்டி பொறுக்கும் பெண்களும், குளத்துச் சேற்றிலே இறங்கும் பையன்களும் செய்த மீன்பிடி அது. ஒரு குடும்பத்தின் ஒரு நேரச் சாப்பாடு அதனால் நிறைந்தது. மறுநாள் அதற்குச் சாட்சியாக முள்ளுக்கூட மிஞ்சவில்லை, பூனை கொண்டுபோயிற்று.

தீவகத்தின் நிலத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, மண்டைதீவு ஆகிய இவற்றில் ஆறு ஒன்றும் இல்லை. நிலத்தின் அடியிலே சுண்ணாம்புக்கல். வாடைக்காலத்து மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்கின்றது. அந்த நீர் கல்லினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கின்றது. கிணறுகளில் நாம் அள்ளுவது அந்த ஆடையைத்தான். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். வேலணையிலே சாட்டியும் நெடுந்தீவிலே சாராப்பிட்டியும் நன்னீருக்காகப் பேர் பெற்றவை. ஓரிடத்து நல்ல தண்ணீருக்காக அவ்விடம் ஊரெங்கும் பேர் பெறுகிறது என்றால், மற்ற இடங்களிலே தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், இந்தத் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரமே இன்றும் பரவலாக நிலைத்திருக்கின்றது. வாய்க்கால்களும் ஏரிகளும் நிறைந்த தண்ணீர் நாட்டுக்காரர், தண்ணீருக்குத் தவிக்கும் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயரை வைத்துப் போனார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலும் குதிரை, யானை, சங்கு, சாயவேர் என வருமானம் தரும் பொருள்களே நிறைந்திருக்கின்றன. பையன் பிடித்த மீன் அங்கும் இல்லை.

மழை முடிந்ததும் தீவுகளிலே குளங்களும் கேணிகளும் பள்ளங்களும் நிறைந்து நிற்கும். மாடுகள் குடிக்கும், வயலுக்குப் பாயும், பிள்ளைகள் நீந்தும். தைக்குப் பிறகு நீர் இறங்கத் தொடங்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களிலே பல குளங்களின் அடி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அடுத்த மாரி வந்து குளம் நிறைந்த சில நாட்களிலேயே அதற்குள் மீன் துள்ளும். இந்த மீன் எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்பது பழைய ஊர்ப் பேச்சு.

இலங்கையிலே 1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் ரெனன்ற் என்பவரையும் இந்தக் கேள்வி விடவில்லை. 1859 இலும் 1861 இலும் அவர் வெளியிட்ட நூல்களிலே இதற்கெனப் பல பக்கங்களை ஒதுக்கினார். வற்றிய குளத்தின் சேற்றைத் தோண்டி உயிருள்ள மீனைக் கிராமத்தவர் எடுப்பதையும், ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்கு மீன்கள் ஈரத் தரையிலே ஊர்ந்து செல்வதையும் அவர் எழுதியிருக்கின்றார். விரால் போன்ற மீன்கள் காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. நீர் இறங்க இறங்க அவை சேற்றுக்குள் புதைந்து, உடல் காயாதபடி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேறு சில, வெள்ளம் ஓடும்போது வாய்க்கால் வழியாக எதிர்த்து ஏறி வரும். எனவே மீன் வானத்திலிருந்து விழுந்தது என்ற ஊர்ப் பேச்சிலே பிழை இருந்தாலும், மழைக்கும் மீனுக்கும் உள்ள உறவை ஊரார் சரியாகவே கண்டிருந்தனர்.

பனையேறிக் கெண்டையின் கதை இன்னும் சுவையானது. தரங்கம்பாடியிலே டேனிஷ்காரரின் சேவையில் இருந்த டால்டோர்வ் என்ற அதிகாரி, 1791 இல் ஒரு பனைமரத்தின் பட்டையில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டு கையால் எடுத்ததாக எழுதினார். இலண்டன் லின்னேயன் சங்கம் 1797 இல் அவரது குறிப்பை வெளியிட்டது. ஐரோப்பாவிலே நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. நமது முன்னோரோ அதற்கு வெகு முன்னரே அந்த மீனுக்குப் பனையேறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையிலே மரம் ஏறுகிறதா என்பது வேறு விடயம். செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது தரையிலே நகர்வதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

இந்தக் குளத்து மீனைப் பிடிப்பதற்குத் தமிழரும் சிங்களவரும் பயன்படுத்திய கருவிகளிலே மிகவும் எளியது கரப்பு. அடியும் மேலும் திறந்த, கீழ்ப்புறம் அகன்ற கூடை அது. முழங்கால் அளவு தண்ணீரிலே நடந்துகொண்டு, சேற்றில் அதனை ஊன்றுவார்கள். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் கூடைச் சுவரிலே மோதும். மேல் வாயினூடாகக் கையை விட்டு எடுப்பார்கள். கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனிலே அச்சேறிய தமது நூலில் இதனை அப்படியே விபரிக்கின்றார். பிடித்த மீனின் செவுளினூடாகப் பிரம்பைக் கோத்துத் தம் பின்னால் தண்ணீரிலே இழுத்துக்கொண்டு போவார்களாம். கைதியாக இருந்த ஒருவன் கவனித்து எழுதியதால் அந்தக் கூடை வரலாற்றில் ஏறிற்று. அரசன் எழுதுவித்திருந்தால் ஏறியிராது.

தமிழ்நாட்டிலே இதே கூடைக்கு ஊத்தா என்று பெயர். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டக் கிராமங்களில் கோடையிலே கண்மாய் வற்றும்போது ‘மீன்பிடித் திருவிழா’ என்ற பெயரில் ஊரே இறங்குகின்றது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும் ஆணும் பெண்ணும் சிறுவரும் ஊத்தாவோடும் கச்சா வலையோடும் பாய்கின்றனர். கிடைத்த மீனை விற்பதில்லை. வீட்டிலே சமைத்துச் சாமிக்குப் படைத்து உண்பர். அடுத்த ஆண்டும் மழை பெய்ய வேண்டும் என்பது வேண்டுதல். குளத்து நீர் விவசாயத்துக்குப் பயன்பட்டு முடிந்தபின், எஞ்சியது எல்லோருக்கும் பொது என்பதே அதன் அடிப்படை. கூடையை விட அந்த நியதிதான் பெரியது.

தூண்டிலின் கதைக்கு இலக்கியச் சான்று மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே பாண்மகன் ஒருவன் மூங்கிற் கோலும் கயிறும் வளைந்த வாயுடைய இரும்பும் கொண்டு வாளை மீனுக்குத் தூண்டில் போடுகின்றான். இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய மீன், அதன்பின் கரையோரப் பிரம்பின் நிழல் நீரிலே அசைவதைக் கண்டும் அஞ்சுகின்றது என்கின்றார் புலவர். தூண்டில் போட்டுத் தோற்ற அனுபவம் இல்லாத ஒருவருக்கு இப்படி எழுத வராது. ஐங்குறுநூற்றிலோ பாண்மகள் ஒருத்தி வரால் மீனைக் கொடுத்து நெல் வாங்குகின்றாள். குளத்து மீன் அன்றும் வறியவர் கையிலே இருந்த செல்வம் என்பதற்கு இவை போதிய சான்று.

பராக்கிரமபாகுவின் அதே பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் மானசோல்லாசம் என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தை ஆக்குவித்தான். அதிலே மத்ஸ்ய விநோதம் என்ற பகுதி மீன்பிடியை அரசனின் பொழுதுபோக்காக விபரிக்கின்றது. மீன்களின் வகை, அவற்றுக்கு இடவேண்டிய தீனி, தூண்டில் கயிறு, கோல் என்பனவெல்லாம் அதில் வருகின்றன. இந்திய மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1951 இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். ஆக, ஒரே நூற்றாண்டிலே ஓர் அரசன் மீன்பிடியை விளையாட்டாக்கி நூலில் ஏற்றினான். இன்னோர் அரசன் கடலை வருமானமாக்கிக் கல்லில் ஏற்றினான். பசிக்கு மீன் பிடித்தவன் இரண்டிலும் இல்லை.

மேற்கிலே தூண்டிலுக்கு வேதம்போல விளங்குவது ஐசாக் வால்ற்றனின் நூல். அது 1653 இல் வெளிவந்தது. அப்போது யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. அவர்கள் அதனை இழப்பதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. உள்நாட்டுப் போரால் அலைப்புண்ட இங்கிலாந்திலே, ஆற்றங்கரையில் அமைதியாக உட்கார்ந்து ட்றவுட் மீனுக்குத் தூண்டில் போடுவதைப் பற்றி அந்த முதியவர் எழுதினார். அந்தக் கனவைத்தான் பின்னர் ஆங்கிலேயர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். 1880களிலிருந்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலே ட்றவுட் குஞ்சுகளை விட்டனர். ஹோட்டன் சமவெளியிலே ‘றெயின்போ ட்றவுட்’ நிலைகொண்டது. நீலகிரியிலும் 1907 அளவிலே வில்சன் என்பவர் அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகத்தை நிறுவினார்.

ட்றவுட் குளிர்நீர் மீன். நம் தீவுகளின் வெதுவெதுப்பான குட்டையிலே அது ஒரு பகல்கூட உயிர் வாழாது. ஆனால் அதன் கதையிலே நமக்கொரு பாடம் உண்டு. மலையகத்திலே அந்த மீனுக்கென்று கழகம் இருந்தது, அனுமதிச் சீட்டு இருந்தது, பிடிக்கலாகாத காலம் இருந்தது. துரைமார் பிடித்த மீனின் நிறையைக் குறித்துவைக்கப் பதிவேடு இருந்தது. தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டே கடந்து போயின. இங்கிலாந்திலே வால்ற்றன் கண்ட எளிய மகிழ்ச்சி, குடியேற்ற நாட்டிலே சிலருடைய உரிமையாகச் சுருங்கிற்று. மீன் ஒன்றுதான், அது யாருக்கு என்பதே எல்லா இடத்திலும் கேள்வி.

மீண்டும் தீவகத்துக்கு வருவோம். இங்கே குளம் ஆண்டுக்குச் சில மாதங்களே நிற்கும். ஆனால் வற்றாத ஒரு குளம் தீவுகளைச் சுற்றிக் கிடக்கின்றது. தீவுகளுக்கிடையிலுள்ள கடல் பல இடங்களிலே இடுப்பளவு, மார்பளவுதான். அடியிலே சாதாழையும் மணலும். அலையும் பெரிதாக இல்லை. பிள்ளைகள் இறங்கி நடக்கக்கூடிய இந்தக் கரைக்கடல்தான் தீவாருடைய உண்மையான குளம். வற்றும் பெருக்கும் பார்த்து, சோளகமா வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றைப் பார்த்து இறங்குவார்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையிலே தண்ணீர் தெளியும், எந்த வற்றுக்கு எந்தத் திட்டு வெளியே தெரியும் என்பது பள்ளிக்கூடத்திலே படிப்பிக்காத பாடம்.

கருவிகளும் எளியவையே. ஒரு தடி, கொஞ்சம் தங்கூசி, ஒரு தூண்டில் முள், ஈயத்துண்டு. இரைக்கு இறால் துண்டோ புழுவோ போதும். தோளிலே வீச்சுவலை வைத்திருந்தவர் அந்த ஊரிலே சற்று வசதியானவர். பிடித்ததைப் போட்டு வரப் பனையோலைப் பறி. இருட்டிலே ஓலைச் சூளைக் கொளுத்திப் பிடித்தபடி நடந்து, வெளிச்சத்துக்கு மயங்கி நிற்கும் மீனை மண்டாவால் குத்துவதும் உண்டு. பெண்கள் வற்றிலே மட்டி பொறுக்கினர், கையால் தடவி இறால் பிடித்தனர். ஓராவும் ஒட்டியும் திரளியும் மணலையும் கீளியும் நண்டும் இவ்வாறு வீட்டுக்கு வந்தன. வேறுவேறு மீன் ஒவ்வொன்றாக வந்தால் கறிக்குப் போதாது. அதற்கும் வழி கண்டிருந்தனர். அதுதான் ஒடியற்கூழ்.

கூழைப் பற்றி எழுதுவோர் அதன் சுவையை மெச்சுவர். அதன் கணக்கை யாரும் எழுதுவதில்லை. இரண்டு நண்டு, ஒரு பிடி இறால், நாலைந்து சிறு மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய், இவற்றை இணைக்க ஒடியல் மா. தனித்தனியே எதுவும் ஒரு வீட்டுக்குப் போதாது. சேர்த்துக் காய்ச்சினால் பத்துப் பேர் பிலா கோலிக் குடிக்கலாம். வள்ளம் நிறைய மீன் பிடித்தவனின் உணவு அல்ல அது. பறியின் அடியிலே கொஞ்சம் கிடந்த மீனைக் கொண்டு குடும்பத்தை நிறைவிக்கக் கற்ற ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பாகவே அது எனக்குத் தோன்றுகின்றது.

இவ்விடத்திலே தீவாரின் சமூக வரலாற்றையும் நினைக்க வேண்டும். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், நயினாதீவு ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்திருந்தனர். வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் வருவர். ஊரிலே நிலையாக இருந்தவர்கள் முதியோரும் பெண்களும் பிள்ளைகளும். கடையிலிருந்து காசு வரும். ஆனால் நாளாந்தக் கறிக்கு என்ன செய்வது என்பதை வீட்டிலிருந்தோரே பார்க்க வேண்டும். வீட்டுச் சட்டிக்கு மீன்பிடித்தல் முதியவரிடமிருந்து பேரப்பிள்ளைக்கு நேராகக் கைமாறிய அறிவாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இதனை ஒரு பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. நல்ல தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றிலே ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971 இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973 இல் தமது முப்பத்தெட்டாவது வயதளவிலே காலமானார். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ எழுதிய விமர்சகராக அவரை அறிந்தவர்கள், ஒரு வாளி தண்ணீருக்காக அவர் நின்ற நிலையையும் அறிய வேண்டும். குளமும் கிணறும் சாதியால் வேலியிடப்பட்டிருந்த தீவிலே, உவர்க்கடலின் கரை மட்டும் ஓரளவு திறந்திருந்தது. குடிக்க உதவாத தண்ணீர் என்பதனாலோ என்னவோ, அதற்கு வேலி பிந்தியே வந்தது.

மாற்றங்கள் 1950களிலே தொடங்கின. பருத்தி நூல் வலையின் இடத்தை நைலோன் பிடித்தது. 1952 இல் ஆபிரிக்காவிலிருந்து திலாப்பியா கொண்டுவரப்பட்டு இலங்கைக் குளங்களிலே விடப்பட்டது. சில இடங்களிலே அதனை ‘ஜப்பான் மீன்’ என்பர். பெருங்குளங்கள் உள்ள வன்னியிலும் கிழக்கிலும் அது ஏழைகளின் மீனாயிற்று. 1960களின் பிற்பகுதியிலே காரைநகரில் நோர்வே நாட்டு உதவியோடு ‘சீநோர்’ திட்டம் தொடங்கிற்று. இயந்திரப் படகுகள் பெருகின. தொழில் மீன்பிடி வளர்ந்தது. ஆழத்துக்குப் போன படகு கொண்டுவந்த மீனைச் சந்தையிலே வாங்கக்கூடியவர்களுக்குக் கரைக்கடலின் தூண்டில் பொழுதுபோக்காயிற்று. வாங்க முடியாதவர்களுக்கு அது தூண்டிலாகவே இருந்தது.

இக்காலத்து நெடுந்தீவுக் கடலை இலக்கியத்திலே காண விரும்புவோர் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலைப் படிக்கலாம். வாடைக்காலத்திலே நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் வாழ்வு அதிலே வருகின்றது. 1978 இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. புவியியலாளரான அவர் காற்றையும் கடலையும் கதைமாந்தர் போலவே நடத்தியிருக்கின்றார்.

பின்னர் யுத்தம் வந்தது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அன்றுமுதல் தீவாருக்குக் கடல் வேறு கடலாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இராணுவ நடவடிக்கைகளினால் வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீன்பிடிக்குத் தடைகளும் நேரக் கட்டுப்பாடுகளும் வந்தன. அதே 1990 இலே, உயிர்க்கொலை என்ற சமயக் காரணத்தால் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. 1994 இலேயே அது மீண்டது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் ‘நெக்டா’ எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை உருவாயிற்று. மீனைக் கொல்வது பாவம் என்று கருதி அரசு பின்வாங்கிய அதே ஆண்டிலே மனிதர் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டதை வரலாறு பக்கத்துப் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றது.

வெளியேறியவர் பலர் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டனர். ஆட்கள் இல்லாத வளவுகளிலே பற்றை வளர்ந்தது. தூர் வாராத குளம் மேடாகிற்று. ஓராவின் முள்ளுக் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று தெரிந்த கடைசித் தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிலே சிலர் கனடா நாட்டு ஏரிக்கரையிலே அனுமதிச் சீட்டு வாங்கி ட்றவுட்டுக்குத் தூண்டில் போடுகின்றார்கள். அதிலே தவறில்லை, மகிழ்ச்சியே. ஆனால் பாட்டனாரும் இதைத்தான் செய்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

சிறுமீனின் பயன் சட்டியோடு முடிவதில்லை. கிணற்றிலும் தொட்டியிலும் மீன் விடுவது நம்மிடையே பழைய வழக்கம்; நுளம்பின் குடம்பிகளை அது தின்றுவிடும். 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியா இலங்கையிலே ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அந்நோய் ஒழிந்துவிட்டதாக 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியிலே, கிணறுகளிற் பெருகக்கூடிய புதியதொரு மலேரியா நுளம்பினம் மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கெதிராகச் சுகாதாரப் பகுதியினர் கையாண்ட வழிகளிலே கிணற்றில் மீன் விடுவதும் ஒன்று. ஆச்சி செய்ததை அதிகாரிகள் மீண்டும் செய்தார்கள்.

இன்று எஞ்சியிருப்பது என்ன? பண்ணைத் தாம்போதியிலே மாலையில் தூண்டில் போடும் சிலரை இப்போதும் காணலாம். ஆனால் அண்மைக்காலத்திலே தீவகத்தின் ஆழங்குறைந்த கடலிலே கடலட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. கம்பு நட்டு வலை கட்டிய அடைப்புகள் அவை. ஏற்றுமதிக்குப் பெறுமதியான பொருள். வேலை தருகின்றது என்போர் இருக்கின்றனர். கரையோரத்துச் சிறு தொழிலாளரின் வழியையும் இடத்தையும் அது பறிக்கின்றது என்று எதிர்ப்போரும் இருக்கின்றனர். சங்கங்களுக்கு வாய் உண்டு, அவை பேசட்டும். தடியும் தங்கூசியுமாக வருகின்ற முதியவருக்குச் சங்கம் இல்லை. மட்டி பொறுக்கும் பெண் எந்தப் பதிவிலும் மீனவர் அல்லள். கடலிலே வேலி விழும்போது இவர்கள் இழப்பதை எந்தக் கணக்கிலே எழுதுவது? வேலி போடுவோர் அதற்கொரு விடை சொல்ல வேண்டும். குளத்தின் எஞ்சிய மீன் எல்லோருக்கும் பொது என்ற கிராமத்து நியதி, கரைக்கடலுக்கும் பொருந்தும் என்பதே என் எண்ணம்.

நேயர்களே, நயினாதீவுக் கல்லிலே ஏறாத இந்த வரலாறு மனிதருடைய நாவிலே இன்னும் கொஞ்சம் இருக்கின்றது. உங்கள் வீட்டிலே தீவகத்து முதியவர் ஒருவர் இருந்தால், அவர் எந்த இடத்திலே, எந்தக் காற்றுக்கு, என்ன இரை வைத்து, என்ன மீன் பிடித்தார் என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். மீனின் பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கூழுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். அந்த எண்ணிக்கையும் வரலாறுதான்.